பார்த்ததற்கு மட்டும் கையெழுத்து

அவள் சிரிக்க மாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்த முதல் பாடமே சிரிப்பதுதான். "சிரித்த முகத்துடன் பாராட்ட வேண்டும்" என்பது தலைமையாசிரியர் எங்கோ பயிற்சிக்குப் போய்க் கொண்டுவந்த குறிப்பின் முதல் வரி. எட்டு மாணவத் தலைவர்களில் ஏழு பேர் பல்லைக் காட்டிப் பழகிவிட்டார்கள். அவள் மட்டும் என்னை ஏறிட்டுப் பார்த்து, "சிரிப்பு வந்தாத்தான டீச்சர் சிரிக்க முடியும்?" என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

எனக்கு எப்போதும் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வந்தால் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் திட்டிவிடுவேன். பிள்ளைகளுக்குப் புரியாது என்கிற தைரியம்தான். அன்றைக்கும் முணுமுணுத்தேன். அவள் அசையாமல், "இப்பத் திட்டுனீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை, நம்பாததை மறைக்கவும் இல்லை.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை ஒட்டி இருந்த உதவிபெறும் நடுநிலைப் பள்ளி அது. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். எஸ்.டி.டி. பூத்துகளில் கூட்டம் நின்ற காலம். நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகியும் என் நியமனத்துக்குக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதல் வரவில்லை. அது வந்தால்தான் முழுச் சம்பளம், நிரந்தர வேலை. வராதவரை நிர்வாகம் பார்த்துக் கொடுப்பதுதான். அதனால் தலைமையாசிரியர் எந்த வேலையைத் தூக்கி என் தலையில் போட்டாலும், கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த அலுப்போடு, சரி சார் என்று வாங்கிக்கொள்வேன்.

அப்படி வந்ததுதான் நற்செயல் அட்டை. பிள்ளைகளை அடிப்பதை விட்டுவிட்டு, நல்லது செய்யும்போது கண்டுபிடித்துப் பாராட்ட வேண்டுமாம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. அட்டையில் பத்துக் கட்டம். யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால், அதைப் பார்த்த மாணவத் தலைவர் ஒரு கட்டத்தில் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தும் நிரம்பியவர்களில் ஒருவருக்கு ஆண்டு விழாவில் பெரிய கோப்பை. மூன்று வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து எட்டுப் பிரிவு, பிரிவுக்கு ஒரு தலைவர். அந்தத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு.

எட்டாம் வகுப்பிலிருந்து அவளை நான் எடுத்தது நல்ல எண்ணத்தில் இல்லை. வகுப்பில் கேள்வி கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்குவாள். ஒரு பொறுப்பைக் கொடுத்தால் வாய் அடங்கும் என்று கணக்குப் போட்டேன். அவள் காலனியிலிருந்து வருகிறவள். அவளுக்குத் தலைவர் பேட்ஜா என்று ஆசிரியர் அறையில் இரண்டு பேர் புருவத்தைத் தூக்கினார்கள். அவர்கள் தூக்கியதற்காகவே கொடுத்தேன் என்றும் சொல்லலாம். என் குணம் அப்படி.

சனிக்கிழமை மதியம் தையல் வகுப்பறையில் பயிற்சி. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தலைவர் என்றால் ஒரே வேலைதான் தெரியும். டீச்சர் வெளியே போனதும் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது. அடங்காதவன் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. ஒன்றாம் வகுப்பிலிருந்து அதையே பார்த்து வளர்ந்தவர்களிடம் போய் நல்லதை எழுதுங்கள் என்றால் என்ன எழுதுவார்கள்? முதல் வாரம் வந்த அட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். 'பேசவில்லை.' 'அடிக்கவில்லை.' 'சுவரில் எச்சில் துப்பவில்லை.' ஒரு தலைவன் ஒரே நாளில் நாற்பது பேருக்குத் 'திருடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அவள் பிரிவுப் பிள்ளைகளின் அட்டைகளில் மட்டும் ஒன்றும் இல்லை. ஏண்டி என்று கேட்டேன்.

"துப்பாததை எப்படி டீச்சர் பார்க்குறது?" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் முழு வகுப்பும் நடத்தினேன், என் சொந்தச் சரக்கு மாதிரி. அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு பிள்ளைகள் விவரமாகிவிட்டார்கள். பேட்ஜ் போட்டவர்கள் வரும் திசையைப் பார்த்துக் கையிலிருந்த காகிதத்தைக் கீழே போடுவார்கள், உடனே குனிந்து பொறுக்குவார்கள். மதியம் தட்டுக் கழுவும் இடத்தில் ஒருவன் தட்டை இன்னொருவன் கழுவுவதற்கு அடிதடி. மற்றத் தலைவர்கள் எழுதித் தள்ளினார்கள். நெல்லிக்காய், மாங்காய்க் கீற்று எல்லாம் கைமாறியது. அவளிடம் இது செல்லவில்லை. குழாயடியில் நிற்கச் சொன்னால் அங்கே நிற்க மாட்டாள், குழாய்க்குப் பின்னால் சுவர் ஓரமாக நிற்பாள். ஒருத்தன் அவள் முன்னால் வந்து காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு நின்றான். "போட்டதையும் பார்த்தேன்டா" என்றாள். அவன் ஓடிவிட்டான்.

ஒரு தடவை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அட்டையில் கையெழுத்து இருந்தது, காரியம் எழுதவில்லை. கட்டம் காலி. விதி விதி என்று நான் குதித்தேன். "என்ன செஞ்சான்னு எழுதணும்ல? எழுது!"

"எழுத மாட்டேன் டீச்சர். நான் பார்த்தேன். அம்புட்டுத்தான்."

"எனக்குத் தெரியணுமே?"

"உங்களுக்கு எதுக்கு டீச்சர்?"

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். பாழாய்ப்போன திட்டமே அடிக்கக் கூடாது என்பதற்காக வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் ஆயா சொல்லித் தெரிந்தது. வகுப்பில் ஒரு பெண்ணுக்கு முதல் முறையாகப் பாவாடையில் கறை பட்டுவிட்டது. அந்த அட்டைக்காரி, வகுப்பிலிருந்து கேட் வரைக்கும் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டே, விளையாடுவது போலச் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்து அழைத்துப் போயிருக்கிறாள். பையன்கள் ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அதை எப்படி ஐயா அட்டையில் எழுதுவது? அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்தது பாசம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது கோப்பைக்கு வருகிறேன். அதைக் கொடுத்தவர் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பள்ளியில் எல்லோருக்கும் பிரெசிடெண்ட். ஒத்தக்கடை சுற்றுவட்டாரத்தில் பிளாட் போட்டு விற்றவர். பள்ளிக்கு இரண்டு அறை கட்டிக் கொடுத்திருக்கிறார், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இறந்துபோன தன் அப்பா பெயரைப் பொறித்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு கோப்பை வாங்கி வைத்தார். வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, தாத்தா பெயர் போட்ட கோப்பையைப் பேரன் வாங்காமல் வேறு எவனோ வாங்கிப் போவதா என்று. அவர் மகன் எட்டாம் வகுப்பில், அவளுடைய பிரிவில்தான் இருந்தான்.

பையனின் அட்டையில் ஒரே ஒரு கட்டம்தான் நிரம்பியிருந்தது. அவள் கையெழுத்து. 'தண்ணி வரிசையில் நடுவில் புகுந்தான். சொன்னதும் பின்னால் போனான்.' அதைப் படித்தபோது இது பாராட்டா, புகாரா என்று அவளிடமே கேட்டிருந்தேன்.

"பாராட்டுதான் டீச்சர். அவன் போகணும்னு இல்லல்ல. யாரு என்ன செஞ்சிருக்க முடியும் அவன? ஆனாப் போனான்."

ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "அந்த ஒம்பது கட்டத்தையும் பார்த்துச் செஞ்சிருங்க டீச்சர். பிரெசிடெண்ட் கேட்டுட்டே இருக்காரு" என்றார். அப்புறம் மேஜையைத் துடைத்துக்கொண்டே, "உங்க ஃபைல் விஷயமா ஆபீஸ்ல பேசுறதும் அவருதான்" என்றார். எனக்குப் புரிந்தது. பத்துக் கட்டமும் உண்மையாகவே நிரம்பிய அட்டை ஒன்று பள்ளியில் இருந்தது. தினமும் சின்னப் பிள்ளைகள் சாப்பிட்டு முடியும் வரை காத்திருந்து, அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் ஆறாம் வகுப்புப் பையனுடையது. அதுவும் எனக்குத் தெரியும்.

அவளைக் கூப்பிட்டு அட்டையை நீட்டினேன். "ஒம்பது கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதிப் போடு."

"எப்பச் செஞ்சான் டீச்சர்?"

"உனக்கு எதுக்குடி அது?"

"நான் பார்க்கலையே."

கெஞ்சினேன், மிரட்டினேன், சாக்லேட் வாங்கித் தரட்டுமா என்றுகூடக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது இப்போது. அவள் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெல் அடிச்சிருச்சு டீச்சர், போறேன்" என்று போய்விட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியர் அவள் அம்மாவை வரச்சொன்னார். சித்தாள் வேலைக்குப் போகிற பெண். கையில் காய்ந்த சிமெண்டோடு நேரே வேலை இடத்திலிருந்து வந்தாள். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்ல ஆள் இல்லை. நானும்தான் சொல்லவில்லை.

"உங்க பொண்ணுக்குத் திமிரு ஏறிப்போச்சும்மா. டீச்சர் சொன்னா ஒரு கையெழுத்துப் போட மாட்டேங்குறா" என்றார் அவர்.

அம்மா மகளைப் பார்த்தாள். "எதுக்குடி கையெழுத்து?"

"ஒருத்தன் ஒம்பது நல்ல காரியம் செஞ்சான்னு போடச் சொல்றாக."

"செஞ்சானா?"

"தெரியல. நான் பார்க்கல."

"அவ பார்க்கலங்குறாளே சார்" என்றாள் அம்மா, அத்தோடு பேச்சு முடிந்தது என்பது போல.

"அதெல்லாம் விடுங்கம்மா. போட்டா என்ன, கையா தேஞ்சிரும்?"

"தேயாது சார். அப்ப நீங்களே போட்டுக்கிறலாமே. இதுக்கா என்னைய அரை நாள் வேலைய விட்டுட்டு வரச் சொன்னீக?"

தலைமையாசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. "வருஷக் கடைசியில டி.சி. வாங்க வருவீங்கல்ல? டவுனு ஸ்கூல்ல ஒம்பதாவது சேர்க்கணும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. டி.சி.யில நடத்தைன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல நல்லா எழுதலன்னா அங்க கேட்டைத் தாண்ட விட மாட்டாங்க. யோசிச்சுக்கங்க."

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. அவள் குடும்பத்தில் எட்டைத் தாண்டப் போகிற முதல் ஆள் இந்தப் பெண்தான். அம்மா மகளின் தோளைத் தொட்டாள். மகள் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம், "பின் வளைஞ்சிருக்கு டீச்சர். அடுத்தவங்களுக்குக் குத்துறப்பப் பார்த்துக் குத்துங்க" என்றாள். இரண்டு பேரும் வெளியேறினார்கள்.

அன்று சாயங்காலம் நானே ஒன்பது கட்டத்தையும் நிரப்பினேன். பொறுப்பாசிரியர் கையெழுத்தும் செல்லும் என்று அவசரமாக ஒரு விதி வந்தது. 'முதியவர் சாலையைக் கடக்க உதவினான்' என்று எழுதினேன். மேலூர் ரோட்டில் எந்த முதியவரும் அவனை நம்பிக் கடந்ததில்லை. 'மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினான்' என்று எழுதினேன். எங்கள் பள்ளியில் மரக்கன்றே கிடையாது. கடைசிக் கட்டத்துக்கு ஒன்றும் தோன்றாமல் 'பெரியோரை மதித்தான்' என்று போட்டு முடித்தேன். விழாவில் தாத்தாவின் கோப்பையைப் பேரன் வாங்கினான். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றிய பையனுக்கு ஒரு பேனா கொடுத்தோம்.

அவள் வந்து கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். உனக்கென்னடி தெரியும் எங்கள் பிழைப்பு என்று தொடங்கும் பதில். அவள் கேட்கவே இல்லை. வகுப்பில் எப்போதும்போலக் கேள்வி கேட்டாள், கணக்கில் என் தப்பைத் திருத்தினாள். பேட்ஜ் இல்லாமலே மதியம் குழாய்ச் சுவரோரம் நின்றாள். சின்னப் பிள்ளைகள் பேட்ஜ் போட்ட புதுத் தலைவியைத் தாண்டிப் போய் அவள் முன் அட்டையை நீட்டுவார்கள். "எங்கிட்ட இப்ப அதெல்லாம் இல்ல. ஆனாப் பார்த்தேன், போ" என்பாள். அது போதும் என்று அதுகள் குதித்துக்கொண்டு போகும். நான் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன்.

மே மாதம் டி.சி. எழுதும் வேலை. எட்டாம் வகுப்புக்கு நான்தான் எழுத வேண்டும், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோருக்கும் 'நன்று' என்று எழுதிக்கொண்டே வந்தேன். அவள் பெயர் வந்ததும் அவர் தலையை நீட்டி, "இதுல 'திருப்தி இல்லை'ன்னு எழுதுங்க" என்றார்.

நான் 'மிக நன்று' என்று எழுதினேன். பெரிய எழுத்தில், இரண்டு தடவை மையைத் தொட்டு எழுதியது போல.

"என்ன டீச்சர் இது? உங்க ஃபைலு இன்னும் ஆபீஸ்லதான் கெடக்கு."

"கெடக்கட்டும் சார்."

"நான் இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாட்டிப் போங்க. அந்த அட்டையில ஒம்பதும் பொய்னு பிரெசிடெண்ட் வீட்டு வாசல்ல நின்னு கத்துவேன். நீங்க சொல்லித்தான் எழுதினேன்னும் சேர்த்துக் கத்துவேன். எனக்குக் கத்த வரும், உங்களுக்கே தெரியும்."

இவ்வளவு நாளும் எங்கே இருந்தது இந்த வாய் என்று எனக்கே ஆச்சரியம். அவர் என்னை முறைத்தார். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார், பேனா முள் தாளைக் கிழிக்கிற மாதிரி.

வாங்க அவள் தனியாகத்தான் வந்தாள். டி.சி.யை முழுக்கப் படித்தாள். பிறந்த தேதியைச் சரிபார்த்தாள், மச்சங்களைச் சரிபார்த்தாள். நடத்தைக் கட்டத்தில் வந்து நின்றாள்.

"இது நீங்க பார்த்து எழுதுனதா டீச்சர்?"

"ஆமாண்டி. பார்த்துத்தான் எழுதினேன்."

"அந்த ஒம்பதும்?"

தயாராக வைத்திருந்த பதிலை விட்டுவிட்டேன். "அது பார்க்காம எழுதினது" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. டி.சி.யை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்தாள். "அப்ப அதை அடிச்சிருங்க டீச்சர். ரெண்டும் உங்க எழுத்தாத்தான இருக்கு. அது பொய்னா இதையும் பொய்ம்பாங்கல்ல?" என்றாள். பிறகு, "வாரேன் டீச்சர்" என்று சொல்லிப் படியிறங்கினாள். அவளை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. டவுன் பள்ளியில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே எந்த டீச்சரின் உயிரை வாங்கினாளோ, அந்த டீச்சர் கொடுத்துவைத்தவர்.

மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் பேனாவை எடுத்துக்கொண்டு பிரெசிடெண்ட் வீட்டுக்கே போனேன். அதனால் எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒப்புதல் இல்லாமலே ஃபைல் திரும்பி வந்தது, அந்த வேலை போயிற்று. ஒரு வருடம் டியூஷன் எடுத்தேன், பிறகு திருப்பரங்குன்றம் பக்கம் வேறு பள்ளி கிடைத்தது. அதற்காக நான் வருந்தவில்லை, யாரும் எனக்காக வருந்தவும் வேண்டாம்.

நான் போனபோது பிரெசிடெண்ட் வீட்டில் இல்லை. பையனின் அம்மாவும் பையனும் இருந்தார்கள். ஷோகேஸில் கோப்பை நின்றது. பக்கத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த அட்டை தொங்கியது. "வாங்க டீச்சர்" என்று அந்த அம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் நான் தப்பு விட்டுவிட்டேன், திருத்த வேண்டும் என்றேன். எழுத்துப் பிழை என்று நினைத்தாரோ என்னவோ, "டேய், அதை எறக்கிக் குடுடா" என்றார். பையன் ஸ்டூல் போட்டு இறக்கினான். ஸ்பூன் காம்பால் பின்னால் இருந்த ஆணிகளை நெம்பி, அட்டையை எடுத்துக் கொடுத்தான்.

நான் பேனாவைத் திறந்து, கடைசிக் கட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். பெரியோரை மதித்தான், அடித்தேன். மரக்கன்று, அடித்தேன். "அய்யய்யோ, என்ன டீச்சர் செய்றீங்க?" என்று அந்த அம்மாள் பதறினார். "நான் பார்க்காம எழுதிட்டேங்க. உங்க பையன் மேல தப்பில்ல, என் மேலதான்" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அவர் டெலிபோனைப் பார்த்து ஓடினார். பையன் நகரவில்லை. என் கை மேலே வர வர, அவன் என் அருகில் வந்து நின்றான். ஒன்பதும் முடிந்தது.

முதல் கட்டத்தின் மேல் அவன் உள்ளங்கையை வைத்து மூடினான்.

"டீச்சர், இதை மட்டும் அடிச்சிராதீங்க. இது அவ போட்டது. நெசமா நான் பின்னால போனேன் டீச்சர்."

"கையை எடுடா" என்றேன். "அதை அடிக்கிறதுக்கு நான் யாரு?"